அப்பா, டவுனா?

அந்த எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் வேலை பார்த்த நானூறு பேருக்கும் அவர் அப்பா. பெற்றது ஒரே ஒரு மகளைத்தான். மற்ற பிள்ளைகள் எல்லாம் லிஃப்டில் ஏறியதால் வந்து சேர்ந்தவர்கள். கதவைத் திறந்ததும் லிஃப்ட்காரர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "அப்பா, டவுனா?" மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்று கேட்கிறார், பாவம். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் இரண்டு சொல்: அப், டவுன். அதில் முதல் சொல்லின் வாலில் நம் தமிழ்க் கேள்வியை ஒட்டவைத்தால் என்ன ஆகும் என்று இங்கிலீஷைக் கண்டுபிடித்தவனும் யோசிக்கவில்லை, தமிழைக் கண்டுபிடித்தவனும் யோசிக்கவில்லை.

ஒரு தடவை நாலாவது மாடிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெண் அதிகாரி அந்த மாடியில் லிஃப்டுக்காகக் காத்திருந்தார். கதவு திறந்தது. "அப்பா?" என்றார் இவர். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "போன வருஷம்தான் தவறிட்டார்" என்றார். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே இல்லை என்று மட்டும் புரிந்தது. "சரிங்க, அப்ப டவுன்" என்று சொல்லித் தரைத்தளத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். விஷயம் தெரிந்ததும் அந்த அதிகாரி சிரித்த சிரிப்பு எட்டு மாடிக்கும் கேட்டதாம். அன்று தொட்டு லிஃப்ட்காரருக்குப் பெயரே அப்பா என்று ஆகிவிட்டது. ஓய்வு பெறும் வயதில் இருந்த தலைமைக் கணக்கர்கூட, "அப்பா, கொஞ்சம் நிறுத்துங்க, நானும் வர்றேன்" என்று ஓடி வருவார்.

அவர் அந்தக் கட்டடத்துக்குள் முதலில் நுழைந்தது வெள்ளையடிக்க. இருபத்து மூன்று வயது. பழைய லிஃப்ட்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட, மேற்பார்வையாளர் கண்ணில் முதலில் பட்ட ஆளை இழுத்து உள்ளே நிறுத்தினார். இழுத்துச் சாத்துகிற இரும்புக் கிராதிக் கதவு, உட்கார ஒரு முக்காலி, பித்தளைக் கைப்பிடி ஒன்று. கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் அப், இடப்பக்கம் தள்ளினால் டவுன், நடுவில் விட்டால் நிற்கும். எங்கே நடுவில் விடுவது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். ஒரு விரல்கடை முந்தினால் ஏறுபவர் தடுக்கி விழுவார், பிந்தினால் இறங்குபவர் விழுவார். இவர் கை வைத்த ஆறாவது மாதத்திலிருந்து ஒருவரும் தடுக்கி விழவில்லை. தட்டில் எட்டு டம்ளர் டீ ஏந்தி வருகிற கேன்டீன்காரர் ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கிப் போவார்.

கண்ணைவிட அவருக்குக் காது கூர்மை. கம்பி ஓடும் சத்தத்தை வைத்தே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று சொல்வார். எந்த மாடியில் எவன் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்பதும் தெரிந்துவிடும். "அஞ்சாவது மாடி காத்து அடிக்குது" என்பார். போய்ப் பார்த்தால் அஞ்சாவது மாடிக் கதவு அரை விரல் திறந்திருக்கும். பிறகு பொத்தான் லிஃப்ட் வந்தது. மனுஷன் நொந்துபோவார், பேட்டியே எடுக்கலாம் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவரோ, "அப்பாடா, தோள் வலி விட்டுது" என்று சொல்லிவிட்டு முக்காலியைப் பொத்தான் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கேள்வி மட்டும் மாறவில்லை.

இதில் வேடிக்கை, அவர் மனைவி ஆயுசில் ஒருநாளும் லிஃப்டில் ஏறியதில்லை. "தொங்குற பெட்டிக்குள்ள போய் நிக்கறதுக்கு நான் என்ன துணி மூட்டையா?" என்பார். கணவர் சாப்பாட்டை மறந்து வந்த நாளில், லிஃப்ட் உச்சி மாடியில் நின்றால், எட்டு மாடியும் படியேறி வந்து கொடுத்துவிட்டு எட்டு மாடியும் இறங்கிப் போன மகராசி அவர்.

மகள் படித்தாள். வீட்டில் இரண்டே சொல்லாக இருந்த இங்கிலீஷ் அவள் கைக்கு வந்ததும் பெருகிவிட்டது. பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர். அப் என்கிற சொல்லை நடத்துகிற அன்று மட்டும் அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். கரும்பலகையில் இரண்டு கட்டம் போடுவாள். ஒன்றில் போகிற திசை: பந்து மேலே போகிறது. இன்னொன்றில் இருக்கிற இடம்: சூரியன் மேலே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அப். இதோடு விட்டால் பரவாயில்லை. கெட் அப் என்றால் எழுந்திரு, கிவ் அப் என்றால் கைவிடு, டைம் இஸ் அப் என்றால் நேரம் தீர்ந்தது. "ஷட் அப்ல என்ன டீச்சர் மேல போகுது?" என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். "கீழ்த்தாடை. உட்காரு" என்றாள் இவள். இரண்டே எழுத்துள்ள ஒரு சொல்லுக்கு அகராதியில் இரண்டு பக்கம். அதைப் பிள்ளைகளிடம் விரித்துக் காட்டும்போது அவளுக்கே மலைப்பாக இருக்கும்.

லிஃப்ட்காரர் ஓய்வு பெற்று மூன்றாம் வருடம், ஒரு காலை சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடிக்கு முன்னாலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போனது. "பேசற இடத்துல அடி பட்டிருக்கு. புரிஞ்சுக்கற இடம் தப்பிச்சுதா இல்லையான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் நரம்பு டாக்டர். பத்து நாள் மருத்துவமனையில் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பதினோராம் நாள் உதடு அசைந்தது.

"அப்... பா?"

மகள் உடைந்து அழுதுவிட்டாள். பார்க்க வந்திருந்த பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "செத்துப்போன அப்பாவைக் கூப்பிடறார். அழைச்சிட்டுப் போக வந்து நிக்கறாங்க போல. சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிடுங்க" என்றார். அறைக்குள் ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சினார்கள்.

அம்மா மட்டும் அழவில்லை. கட்டிலருகே வந்து கணவரின் முகத்தையே பார்த்தார். "சும்மா இருங்க எல்லாரும்" என்றார். "அவங்க அப்பாவை அவர் ஒருநாளும் அப்பான்னு கூப்பிட்டதில்ல. ஐயான்னுதான் கூப்பிடுவார். இது லிஃப்ட் அப்பா. தூக்கி உட்கார வைன்னு கேக்கறார்." சொன்னதோடு நிற்காமல் கட்டிலின் தலைப்பக்கத்தைத் திருகி உயர்த்தினார். லிஃப்ட்காரர் பத்து நாளில் முதன்முதலாகப் பெருமூச்சு விட்டு ஜன்னலைப் பார்த்தார்.

அந்த ஒரு சொல்தான் மிஞ்சியது. அதற்குப் பிறகு இன்னொன்று வரவே இல்லை. டவுன்கூட வரவில்லை. அம்மாவுக்கோ அது போதும் போலிருந்தது. வெட்டிச் சொன்னால் தண்ணீர், இழுத்துச் சொன்னால் ஜன்னலைத் திற, இரண்டு தடவை சொன்னால் போதும் நிறுத்து. "முப்பத்தஞ்சு வருஷம் உங்கப்பா பேசினதுல பாதி எனக்குப் புரியல. இப்ப எல்லாமே புரியுது" என்று சிரிப்பார். மகள் நம்பவில்லை. அம்மாவே கேள்வி, அம்மாவே பதில் என்று நினைத்தாள். பாசம் படுத்துகிற பாடு, வேறென்ன.

நம்பாததற்குக் காரணமும் இருந்தது. அந்த மருத்துவமனையின் ஐந்தாவது மாடியில் பேச்சுப் பயிற்சிப் பிரிவு ஒன்று உண்டு. மொத்தமே பத்துக் கட்டில். ஆறு மாதம் தங்கிப் பயின்று நாலைந்து சொல், சில பேருக்கு நாலைந்து வாக்கியம், திரும்பக் கிடைத்து வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அடுத்தவர் சொல்வது புரிகிறவர்களுக்குத்தான் அங்கே இடம். அதற்கு ஒரு சோதனை. பயிற்சி மேடம் பட அட்டைகளை விரித்து, கப்பைக் காட்டுங்க, சீப்பைக் காட்டுங்க என்று கேட்பார். முதல் தடவை இவர் எதையும் காட்டவில்லை. எல்லாவற்றுக்கும் "அப்" என்றார். கடைசியில் இடது கையால் அட்டைகளைத் தள்ளிவிட்டார். மேடம் நல்லவர்தான், வருத்தத்தோடுதான் சொன்னார்: "சத்தம் வருது. அர்த்தம் வரல. ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கலாம். அதுக்கு மேல என்னால இடத்தை வச்சிருக்க முடியாது."

"ஆபீசருங்களையெல்லாம் ஏத்தி இறக்கின மனுஷன்கிட்ட கப்பைக் காட்டு, சீப்பைக் காட்டுன்னா கோபம் வராதா?" என்றார் அம்மா.

அப்பா என்கிற ஆள் போய்விட்டார், அவர் இடத்தில் ஒரு சத்தம் உட்கார்ந்திருக்கிறது என்று மகள் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். கொடுமையான முடிவு. ஆனால் படித்தவள், டாக்டர் சொன்னதைக் கேட்டவள், வேறு எப்படி முடிவு கட்டுவாள்? அவர் எதிரிலேயே "அவருக்கு மருந்து கொடுத்தாச்சா, அவர் தூங்கினாரா" என்று தலைக்கு மேலாகப் பேசிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அவர் "அப்" என்று ஏதாவது சொன்னால், "ஆமாப்பா, ஆமாப்பா" என்று முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஆறு வாரம் வீட்டில் ஓடியது. இரண்டாவது சோதனை காலை பத்து மணிக்கு. அதற்கு முன்பு மூன்றாவது மாடியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அங்கிருந்து ஐந்தாவது மாடிக்குப் போக வேண்டும். அம்மா வழக்கம்போல, "நீங்க அதுல வாங்க, நான் படியில வர்றேன்" என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஏறப் போய்விட்டார். சக்கர நாற்காலி தள்ள ஒரு ஊழியர் வந்திருந்தார். பருத்த உடம்பு, வாய் ஓயாத மனுஷன். "கவலைப்படாதீங்க டீச்சர், ஐயா இன்னிக்குப் பாஸ்" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

மணி அடித்தது. கதவு இரண்டாக விலகியது.

முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும் என்பதால் சக்கர நாற்காலியை லிஃப்டுக்குள் பின்பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். ஊழியர் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, முதுகைக் கதவுக்குக் காட்டி, மகளோடு பேசிக்கொண்டே பின்னால் நடந்தார். அப்பாவின் முகம் நடைபாதையைப் பார்த்திருந்தது. மகள் எதிரே வந்துகொண்டிருந்தாள். கண் கையிலிருந்த பட அட்டைகள் மேல். கப், சீப்பு, சாவி, கடிகாரம். உள்ளே இருட்டாக இருந்ததை அவள் பார்த்தாள்தான். விளக்கு ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்தாள்.

"அப்" என்றார் அப்பா.

"ஆமா ஐயா, அப்தான் போறோம்" என்று சிரித்தார் ஊழியர்.

"அப்!"

இடது கை சரேலென்று போய்ச் சக்கரத்தின் பிரேக்கை அமுக்கியது. நாற்காலி ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. அடம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார், இன்றைக்கும் போச்சு என்று நினைத்தாள் மகள். ஊழியர், "கையை எடுங்க ஐயா" என்று இன்னும் பலமாக இழுத்தார்.

"அப்" என்றார் அவர் மூன்றாவது தடவையாக. கத்தவில்லை. கெஞ்சவில்லை. வெட்டி, தட்டையாக, எதிரில் நிற்பவருக்குத் தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

மகள் நிமிர்ந்தாள். அந்தச் சொல்லில் கேள்வி இல்லை. மேலே கொண்டுபோ என்கிற வேண்டுதலும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அவள் கரும்பலகையில் போடுகிற இரண்டாவது கட்டம் அது. போகிற திசை இல்லை, இருக்கிற இடம். மேலே போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மேலே இருக்கிறது என்கிறார். எது மேலே இருக்கிறது?

அப்போதுதான் ஊழியரின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கண்ணாடி இல்லை, பொத்தான் பலகை இல்லை, தரை இல்லை. எண்ணெய் பூசிய கம்பிகள் மட்டும் இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

"நில்லுங்க!"

ஊழியர் நிற்பதற்குள் ஒரு கால் பின்னால் போய்விட்டது. கால் வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. பருத்த உடம்பு அப்படியே சாய, கைப்பிடிகள் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டார். நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து முன்சக்கரம் தூக்கியது. மகள் அட்டைகளை வீசிவிட்டு அப்பாவின் முழங்கால்கள் மேல் பாய்ந்து, தன் எடை முழுவதையும் போட்டு அமுக்கினாள். அவர் இடது கை பிரேக்கிலிருந்து இம்மியும் விலகவில்லை. நரம்பு புடைத்த அந்த ஒற்றைக் கையைக் கண்ணுக்கு நேரே பார்த்தபடி அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினாள். நாலு பேர் ஓடி வந்தார்கள். ஊழியரைச் சட்டையைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, இழுத்து நடைபாதையில் போட்டார்கள்.

வாய் ஓயாத அந்த மனுஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு செருப்பு இல்லாத தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தவழ்ந்து வந்து லிஃப்ட்காரரின் இடது கையை எடுத்துத் தன் இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். கதவு இன்னும் திறந்தே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து லிஃப்ட் நிதானமாக இறங்கி வந்து, பளிச்சென்று விளக்கு எரிய, காலியாக நின்றது. யாரும் ஏறவில்லை.

செய்தி கேட்டுப் பயிற்சி மேடம் படியில் இறங்கி ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், ஐந்தாவது மாடிவரை ஏறிப்போய்த் திரும்ப இரண்டு மாடி இறங்கி, மூச்சு வாங்க அம்மா. நடந்ததைக் கேட்டதும் அம்மா முதலில் கணவரின் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். "நான் அன்னிலேர்ந்து சொல்றேன், அந்தப் பெட்டியை நம்பாதீங்கன்னு. யார் கேட்டா?"

மேடம் தரையில் சிதறிக் கிடந்த அட்டைகளைப் பொறுக்கி மூடி வைத்தார். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு லிஃப்ட்காரருக்கு நேராக உட்கார்ந்தார். "ஐயா, நான் கேக்கறது உங்களுக்குப் புரியுதா?" என்றார். அவர் கண்ணை மூடித் திறந்தார். "கதவு உங்க முதுகுக்குப் பின்னால இருந்துச்சு. நீங்க திரும்பிப் பாக்கல. லிஃப்ட் வரலன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சின்னக் கேள்வியா அது? நல்ல வாய் உள்ளவனே நாலு வாக்கியம் சொல்ல வேண்டிய கேள்வி. லிஃப்ட்காரர் இடது கையை மெதுவாகத் தூக்கினார். பிடரியைத் தொட்டு, விரல்களை அலை அலையாக அசைத்தார். காற்று. மூக்கைத் தொட்டார். கம்பி எண்ணெய் வாடை. பிறகு காதைத் தொட்டு, தலையைச் சாய்த்து, உதட்டை மூடி "ம்ம்ம்" என்று லிஃப்ட் ஓடுகிற சத்தத்தை எழுப்பினார். அந்தக் கை அப்படியே உயர்ந்து விரலை நீட்டி நின்றது.

"அப்."

மேடம் பேனாவைத் திறந்தார். ஃபைலில் இருந்த பழைய குறிப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். "அஞ்சாம் நம்பர் கட்டில்" என்றார். "திங்கக்கிழமை கூட்டிட்டு வந்துருங்க."

அம்மா அழுதது அப்போதுதான். ஊழியர்கள் நாலு பேர் நாற்காலியோடு லிஃப்ட்காரரைத் தூக்கிப் படி வழியாகக் கீழே கொண்டுவந்தார்கள். அந்த மனுஷன் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு கட்டடத்தின் படிகளைப் பார்க்கிறவர்போல ஒவ்வொரு படியையும் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா ஆட்டோ பிடிக்க வாசலுக்குப் போனார்.

மகள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மாதமாக இந்த ஆள் இந்த உடம்புக்குள்ளேயேதான் இருந்திருக்கிறார். காற்றைக் கேட்டுக்கொண்டு, வாடையைப் பிடித்துக்கொண்டு, தன் தலைக்கு மேலாக மகள் பேசியதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு. அவளுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அதைவிடப் பெரிதாக ஒரு பிரமிப்பு வந்தது. ஒரே ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்.

"அப்பா" என்றாள். "இத்தனை நாளா எங்கிட்ட என்ன சொல்லிட்டு இருந்தீங்க?"

அவருடைய இடது கை அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது. உதடு கோணி, பாடுபட்டு, குரல் வந்தது. இதுவரை அவள் கேட்டிராத ஒரு தினுசில், தாழ்வாக, நீளமாக.

"அப்..."

தண்ணீர் இல்லை, ஜன்னல் இல்லை. கேள்வியும் இல்லை, தகவலும் இல்லை. அகராதியின் இரண்டு பக்கத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். எதிலும் அகப்படவில்லை. வழக்கம்போல ஆமாப்பா என்று சொல்லி எழுந்துவிட அவளால் முடியவில்லை.

"புரியலப்பா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார்.